ரோச்சு கடை வாசலில் பிலோமி வண்டி

நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்கண்ணே. ஒருத்தன் சமையல்காரன்னு வைங்க. ஊர் ஊராப் போய் விருந்து சமைக்கிறவன். அவன் பொண்டாட்டி தூக்குச்சட்டிய எடுத்துக்கிட்டு அடுத்த தெரு ஓட்டல்ல குழம்பு வாங்கிட்டு வந்தா ஊர் என்ன பேசும்? பேசும்ல? அதத்தான் என் பொண்டாட்டி எனக்குப் பண்ணிக்கிட்டு இருக்கா.

காலை இப்பிடி நீட்டிக்கங்க, எனக்கு ஒண்ணும் இடைஞ்சல் இல்ல. தேவகோட்டை வரைக்கும்தானே? நானும் அங்கதான். நான் மெக்கானிக்குண்ணே. இன்னாசின்னு பேரு. தொண்டியில பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி நம்ம பட்டறை. பெரிய வண்டியெல்லாம் பாக்குறதில்ல. இந்த மொபெட் இருக்குல்ல, அம்பது சிசி வண்டி, சைக்கிளுக்கு என்ஜின் மாட்டுன மாதிரி பெடல் வச்சு வந்துச்சே, அதுதான் நம்ம தொழில். என் வண்டியா? அது பட்டறையில பிரிச்சுக் கெடக்கு. அதான் பஸ்ல வர்றேன். மெக்கானிக் வண்டி எங்கண்ணே ஒழுங்கா மாட்டியிருக்கும்.

என் பொண்டாட்டி பிலோமி மீன் விக்கிறவ. கரையில ஏலம் எடுத்து, பொட்டியில ஐஸ் போட்டு, வண்டிக்குப் பின்னாடி கட்டிக்கிட்டு, திருவாடானை, தேவகோட்டைன்னு மேக்க கொண்டுபோய் விப்பா. கல்யாணத்துக்கு முன்னாடி அவங்கம்மா தலைச்சுமையாத் தூக்கி பஸ்ல கொண்டுபோன யாவாரம். மீன்கூடைன்னா கண்டக்டர் ஏத்த மாட்டான், ஏத்துனாலும் பின்னாடி படியோரமா நில்லுன்னுவான். நான்தான் அவளுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் குடுத்தேன். எங்க கரையில மொபெட்டுல மீன் கொண்டுபோன மொத பொம்பளை அவதான். இதையும் நீங்க கணக்குல வச்சுக்கணும். கேக்குறவன் எல்லாம் கடைசியில நடந்தத மட்டுந்தான் கேக்குறான்.

பாக்குற ஆளுகளுக்கு அது சும்மா மொபெட். எனக்கு அப்பிடி இல்லண்ணே. நான் சின்ன வயசுல மதுரையில ஒரு பட்டறையில இருந்தேன். அங்க திருவிழாவுக்குத் திருவிழா மொபெட் ரேஸ் விடுவாங்க. இந்த டொக்கு வண்டிதான். ஆனா ரேஸுக்குக் கெளம்பும்போது சத்தத்தக் கேட்டா உங்களுக்கு உடம்பு சிலுத்துக்கும். நான் அரம் போட்டு ராவிக் குடுத்த சிலிண்டர் ஒண்ணு ஒருவாட்டி எல்லாத்தையும் பின்னாடி தள்ளி மொதல்ல வந்துச்சு. ஓட்டுனவனுக்கு மாலை போட்டாங்க. என்னை யாரும் பாக்கல. பரவாயில்ல. அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, கம்பெனிக்காரன் குடுக்குற என்ஜின்ல பாதித்தான் வெளிய வருது, மீதி உள்ள தூங்குதுன்னு.

எப்பிடின்னு கேளுங்க. என்ஜின் மூச்சு வாங்கி மூச்சு விடுற சாமான்தாண்ணே. உள்ள போற ஓட்டை, வெளிய வர்ற ஓட்டை. கம்பெனிக்காரன் அதச் சின்னதா வச்சிருப்பான். நாம அரம் போட்டு ராவி அத அகலமாக்கணும், கொஞ்சம் மேல தூக்கணும். ஹெட்ட லேத்துல குடுத்துத் தேச்சு எறக்கணும், அப்ப உள்ள வெடிக்கிற வெடி இறுக்கமா வெடிக்கும். கார்புரேட்டருக்குள்ள பெட்ரோல் வர்ற ஜெட்ட மாத்தணும். சைலன்சருக்குள்ள இருக்குற குழாயைப் பிடுங்கிறணும். பல்லுச்சக்கரத்த மாத்தணும். இம்புட்டுத்தான். ஆனா எந்த எடத்துல அரத்த நிறுத்தணும்கிறது இருக்கே, அதுக்குக் கை வேணும். ஒரு மயிரிழை கூடிப்போச்சுன்னா சிலிண்டர் குப்பைக்குத்தான். நான் எத்தனையோ குப்பையில போட்டிருக்கேன். அப்பிடித்தான் கை வரும்.

நாப்பதுல தட்டுத்தடுமாறிப் போற வண்டி எழுவதுல போவும்ணே. சொன்னா நம்ப மாட்டீங்க.

எங்க ஊர்ல ஒரு பழக்கம் இருக்கு. கரையில ஏலம் முடிஞ்சதும் மீன் வண்டியெல்லாம் ஒரே நேரத்துலதான் கெளம்பும். மொதல்ல தேவகோட்டை மார்க்கெட்டுக்குள்ள நுழையுற வண்டியத்தான் ஓட்டல்காரன் வளைச்சுக்குவான். அடுத்தது வர்றவங்க மிச்சம் மீதி ஆளுகளுக்கு வித்துக்கிட வேண்டியதுதான். எங்க ஊர்ல இன்னொரு மெக்கானிக் இருக்கான், ரோச்சு. நடுத்தெரு. வாய் பேசமாட்டான், மூஞ்சிய உர்ருன்னு வச்சுக்கிட்டு, கம்பெனியில வந்தது எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே மாட்டிக் குடுப்பான். ஒரு போல்ட்டு கூட எடம் மாறாது. அதுக்குப் பேரு மெக்கானிக்காண்ணே? மாட்டுறதுக்கும் கழட்டுறதுக்கும் ஒரு ஆளு, அம்புட்டுதான். மீன்காரங்க பாதிப்பேர் அவன்கிட்டதான் வண்டி விடுவாங்க. அவன் பட்டறை வாசல்ல வண்டி வரிசையா நிக்கும். என் வாசல்ல ஒண்ணு ரெண்டு.

சரி, பேசி என்ன ஆகப்போகுது, கண்ணுல காட்டுவோம்னு முடிவு பண்ணேன். பிலோமி வண்டியப் பிரிச்சேன்.

அவ கேட்டாளான்னா, கேக்கலதான். வண்டி நல்லாத்தான ஓடுதுன்னா. நல்லா ஓடுறது வேற, ஓட்டம்னா வேறடின்னேன். மீன்பிடித் தடைக்காலம் அது. படகு கடலுக்குப் போகாது, மீன் யாவாரம் கெடையாது, அவ வலை பின்னுற வேலைக்குப் போயிக்கிட்டு இருந்தா. அந்தச் சமயம் பூரா நான் அந்தச் சிலிண்டரோடயே கெடந்தேன். சோத்துக்கு வீட்டுக்குக் கூடப் போகல, அவதான் பட்டறைக்குக் கொண்டாந்து வச்சிட்டுப் போவா. ஒருநாள் வச்சிட்டுப் போகாம நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. என்னடின்னேன். ஒண்ணும் இல்லைன்னா. ஆசையாப் பாக்குறான்னு நெனச்சேன்.

தடைக்காலம் முடிஞ்சு மொத நாள் மீன் வந்துச்சு பாருங்க. கரையில கூட்டம். ஏலம் முடிஞ்சுச்சு. எல்லாரும் பொட்டியக் கட்டிக்கிட்டு கெளம்புறாங்க. பிலோமி ஆக்ஸிலேட்டரத் திருகுனா பாருங்கண்ணே, அம்புட்டு பேரும் திரும்பிப் பாத்தான். அந்தச் சத்தம். ரோச்சுகிட்ட வண்டி விட்டவங்க எல்லாம் சர்ச் முக்கு திரும்புறதுக்குள்ள அவ ஊரத் தாண்டிட்டா. காசிம்பாய்னு ஒரு பெரியவர், எங்க கரையில ரொம்ப நாளா மீன் கொண்டுபோறவரு, பழைய வண்டி, முக்கி முக்கிப் போகும். அவரு என்கிட்ட வந்து, இன்னாசி, ஒம் பொண்டாட்டி மீன் விக்கப் போறாளா, இல்ல மீனைப் பிடிக்கத் தொரத்திக்கிட்டுப் போறாளான்னு கேட்டாரு. அந்த வார்த்தைய நான் இன்னும் மறக்கல.

அன்னைக்கு அவதான் மார்க்கெட்டுக்கு மொதல்ல. மறுநாளும் அவதான். ஒரு வாரத்துல இன்னாசி வண்டின்னு பேராகிப்போச்சு. பிலோமி வண்டின்னு யாரும் சொல்லல, இன்னாசி வண்டி. ரெண்டு பயலுக தேவகோட்டையில இருந்து என்னைத் தேடி வந்து சிலிண்டர் குடுத்துட்டுப் போனானுக.

இடையில சின்னச் சின்னதா ஒண்ணு ரெண்டு வரும்தான். அது எந்த நல்ல என்ஜினுக்கும் வர்றதுதான். ஓட்டப்பந்தயக் குதிரைக்கு வயித்துவலி வராதா? ஒருநாள் பிளக் உருகிப்போச்சு. ஒருநாள் செயின் அந்துபோச்சு. ஒருநாள் பாதி வழியில பிஸ்டன் சூட்டுல பிடிச்சுக்கிச்சு, ஆறுனதும் தானா விட்டுக்கும், அதுக்கு ஒரு அரை மணி நேரம் பொறுமையா உக்காந்திருந்தா போதும். நான் அவகிட்ட வெளக்கமாச் சொல்லிக் குடுத்தேன். பெட்ரோல்ல ஆயில் ஒரு மூடி கூட ஊத்திக்க, ஏத்தத்துல ரொம்பத் திருகாத, எறக்கத்துல கொஞ்சம் மூச்சு விட விடு, சத்தம் மாறுற மாதிரி தெரிஞ்சா உடனே ஆக்ஸிலேட்டர மூடிரு. ஸ்பேர் பிளக், ஸ்பானர், ஒரு செயின் லாக்கு எல்லாம் ஒரு துணியில முடிஞ்சு குடுத்தேன். மீன் கத்திக்குப் பக்கத்துலயே வச்சுக்கிட்டா. கொஞ்ச நாள்ல அவளே பிளக் மாத்துவா. நான் சொல்லிக் குடுத்ததுதான். எந்த ஊர்ல பொம்பளை ரோட்டுல உக்காந்து பிளக் மாத்துறா?

சாயங்காலம் வந்தா நான் மொதல்ல கேக்குறது, இன்னைக்கு யாரு மொதல்ல? அவ சொல்லுவா, நான்தான்னு. அப்புறம் என்னமோ சொல்லிக்கிட்டே இருப்பா, முன்னாடி மாதிரி இல்ல, வழியில வாடிக்கைக்கு நிறுத்த முடியல, கையி மரத்துப்போகுது, பின்னாடி பொட்டி ஆடுதுன்னு. நான் சிலிண்டரத் தொட்டுப் பாப்பேன். எம்புட்டு சூடுன்னு பாத்தாலே எனக்கு அன்னைக்கு வண்டி எப்பிடி ஓடுச்சுன்னு தெரிஞ்சிரும். ஜெட்ட இன்னும் கொஞ்சம் மாத்திப் பாக்கலாமான்னு தோணும். உக்காந்து மாத்துவேன். மனசு கேக்காதுண்ணே. நல்லா இருக்கு, ஆனா இன்னும் நல்லா இருக்கும்னு ஒண்ணு உள்ள அரிச்சுக்கிட்டே இருக்கும்.

இப்ப விசயத்துக்கு வர்றேன்.

திருவாடானைப் பக்கம் ஒரு கல்யாண வீடு. மறுவீட்டு விருந்து. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கடலோரத்தாளுக, மீன் நல்லா இருக்கணும்னு பிலோமிகிட்ட முன்கூட்டியே சொல்லி வச்சிருந்தாங்க. நல்ல பாறை மீனு, நண்டு, எறா. அவ அன்னைக்குக் கரையில மத்தவங்க விட்டுத்தராத ஏலத்த மல்லுக்கட்டி எடுத்தா. பொட்டி ரெண்டு. பொட்டி ரெண்டும் தளும்பத் தளும்ப. கெளம்புறதுக்கு முன்னாடி என்னைப் பாத்து, இன்னைக்கு மட்டும் ஒண்ணும் ஆகாதுல்லன்னு கேட்டா. நான் முந்தின நாள்தான் ஹெட்ட இன்னொருக்கா தேச்சு எறக்கியிருந்தேன். ஆகாதுடி, இன்னைக்குப் பாரு, பறக்கும்னேன்.

பறந்துச்சுண்ணே. பறக்கலைன்னு யாரும் சொல்ல முடியாது. நானே நின்னு பாத்தேன்.

ரோட்டுல ஒரு எடம் வரும் பாருங்க, வெள்ளக்குளம் விலக்குத் தாண்டுனதும். ரெண்டு பக்கமும் வெறும் கருவேலங்காடு, ஒரு வீடு கெடையாது, நெழல் கெடையாது. அங்க வச்சுப் பிடிச்சுக்கிச்சு. இந்தத் தடவை ஆறவும் விடல. பிஸ்டன் செதஞ்சு சிலிண்டரோட ஒட்டிப்போச்சு. உச்சி வெயில். அவ உக்காந்து பாத்திருக்கா, பிளக்க மாத்திப் பாத்திருக்கா. அப்புறம் என்ஜினைத் துண்டிச்சு விட்டுட்டு பெடலை மிதிச்சிருக்கா. அந்த ரெண்டு பொட்டியோட. நான் பெடலைக் கழட்டாம விட்டதாலதானே அதாவது முடிஞ்சுச்சு? மதுரையில எல்லாரும் மொத வேலையாப் பெடலைத்தான் கழட்டுவான்.

ஐஸ் உருகி பொட்டியில இருந்து ஒழுகிக்கிட்டே வந்திருக்கு. அவ மிதிச்சு, முடியாம எறங்கித் தள்ளி, திரும்பி மிதிச்சு. அப்ப பின்னாடி நம்ம காசிம்பாய் முக்கிக்கிட்டு வந்திருக்காரு. எங்க எல்லாருக்கும் கடைசியா வர்ற மனுசன். நிறுத்தி, தன் பொட்டியில இருந்த சின்ன மீனை எல்லாம் ஒரு சாக்குல கொட்டிக் கைப்பிடியில தொங்கப்போட்டுட்டு, பிலோமி பொட்டியத் தன் வண்டியில கட்டி, அவளையும் ஏத்தி, கல்யாண வீட்டுல கொண்டுபோய் எறக்கிட்டாரு. நண்டு போச்சு. எறாவுல பாதி போச்சு. பாறை தப்பிச்சுச்சு. கல்யாண வீட்டுக்காரங்க முகம் சுளிச்சாங்களாம். இனிமே சொல்லமாட்டோம்னு சொல்லலயாம், ஆனா அதுக்கப்புறம் சொல்லி விடவும் இல்ல.

எனக்கு இது எதுவும் தெரியாது. நான் பட்டறையில உக்காந்து, இந்நேரம் போய்ச் சேந்திருப்பா, இந்நேரம் தேவகோட்டைன்னு மனசுக்குள்ள ஓட்டிக்கிட்டு இருக்கேன். பொழுது சாயுற நேரத்துல ஒரு குட்டியானை லோடு வண்டி வந்து நிக்குது. பின்னாடி வண்டி கெடக்குது. முன்னாடி டிரைவருக்குப் பக்கத்துல பிலோமி. உள்ளங்கை ரெண்டும் தோலுரிஞ்சு கெடக்கு. எறங்குனா. எனக்கு மொதல்ல சிலிண்டரத்தான் பாக்கத் தோணுச்சு, அது இயல்புதாண்ணே, டாக்டரு மொதல்ல நாடியத்தான் பிடிப்பான். திறந்து பாத்தா, பிஸ்டன் ஒரு பக்கம் அப்பிடியே உருகி இழுத்திருக்கு. ஜெட்டு சின்னதாப்போச்சு, ஹெட்டு எறக்குனதுக்கு பெட்ரோல் பத்தலன்னு எனக்கு உடனே பிடிபட்டுச்சு. அவகிட்ட அத வெளக்கிச் சொன்னேன். ஒரு நம்பர் பெரிய ஜெட்டு போட்டிருந்தா இந்தப் பிரச்சனையே இல்ல, நாளைக்கே போட்டுருவேன்னேன்.

அவ தொட்டியில கையக் கழுவிக்கிட்டே இருந்தா. அப்புறம் கேட்டா:

"அடுத்த வீட்டுப் பொம்பளை யாராச்சும் வந்து மீன் யாவாரத்துக்கு வண்டி வேணும்னு கேட்டா, இந்த வண்டியக் குடுப்பீங்களா?"

நான் உண்மையச் சொன்னேன். குடுக்க மாட்டேன்னேன். அதுகளுக்கு இதோட அருமை தெரியாது, ஒரே நாள்ல கெடுத்துருங்கன்னேன்.

அவ சரின்னு தலைய ஆட்டிக்கிட்டா. வீட்டுக்குப் போயிட்டா. நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலையே? அவளைப் பெருமையாத்தானே சொன்னேன்? அவளாலதான் ஓட்ட முடியும்னுதானே அதுக்கு அர்த்தம்?

ரெண்டு மூணு நாள் அவ யாவாரத்துக்குப் போகல. கை ஆறட்டும்னு இருக்கான்னு நெனச்சேன். நான் அதுக்குள்ள புது பிஸ்டன் போட்டு, சிலிண்டர லேத்துல போரிங் பண்ணி, பெரிய ஜெட்டு போட்டு வண்டியத் தயார் பண்ணிட்டேன். இந்தத் தடவை அருமையா அமைஞ்சுபோச்சு. வீட்டு வாசல்ல கொண்டுபோய் நிறுத்துறேன், பக்கத்துல ஏற்கனவே ஒரு வண்டி நிக்குது. காரைக்குடியில யாரோ டீச்சரம்மா ஓட்டுன வண்டியாம். சீட்டுப் பணம் எடுத்து வாங்கிட்டு வந்திருக்கா. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. பழைய வண்டிதான், ஆனா உள்ள ஒரு நட்டு கூட யாரும் தொட்டது கெடையாது. எப்பிடி கம்பெனியில இருந்து வந்துச்சோ அப்பிடியே இருக்கு.

நான் சுத்திச் சுத்திப் பாத்தேன். சரி, எடு, பட்டறைக்குக் கொண்டுபோய்த் திறந்து பாப்போம்னேன். அவ கதவுகிட்ட நின்னுக்கிட்டு, இதுல நீங்க கை வைக்க வேணாம்னா. கோவமா இல்லண்ணே. கொழம்புக்கு உப்பு வேணாம்னு சொல்லுவாங்கல்ல, அந்த மாதிரி சாதாரணமாச் சொன்னா. நான் சிரிச்சுட்டேன். மெக்கானிக் பொண்டாட்டி, என் கை படாம வண்டி எப்பிடி ஓடும்?

ஓடுச்சு. அதுதான் சொல்ல வந்தேன்.

ஆயில் மாத்துற சமயம் வந்துச்சு, நான் கேன எடுத்து வச்சிக்கிட்டுக் காத்துக்கிட்டு இருக்கேன். வண்டியக் காணோம். ரோச்சு பட்டறைப் பக்கமாப் போனேன். வாசல்ல வரிசையில நிக்குது. எத்தனை வண்டிக்கு நடுவுல இருந்தாலும் எனக்குத் தெரியாதா? பின்னாடி மீன்பொட்டி வைக்கிற கம்பியில பச்சைக் கயிறு சுத்தியிருப்பா. ரோச்சு கீழ உக்காந்து ஆயில எறக்கிக்கிட்டு இருக்கான். பக்கத்துல பிலோமி ஒரு ஸ்டூல்ல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருக்கா. கடைத்தெருவே பாக்குது. டீக்கடைக்காரன் கிளாஸக் கழுவிக்கிட்டே, என்ன இன்னாசி, நீயும் வண்டி விட வந்தியான்னான்.

மறுநாள் நான் ரோச்சுகிட்டப் போய் நேராக் கேட்டேன். என் பொண்டாட்டி வண்டிய நீ எப்பிடித் தொடலாம்னேன். அவன் நிமுந்து கூடப் பாக்கல. ஒரு பிளக்க எமரித்தாள்ல தேச்சுக்கிட்டே சொன்னான்:

"அந்தக்கா தெனம் ஓடணும்னு கேட்டுச்சு. ஓடுற மாதிரி வச்சுக் குடுத்தேன்."

இது ஒரு பதிலாண்ணே? நான் வச்சுக் குடுத்தது ஓடலையா? ரோட்டுல அதுக்கு முன்னாடி ஒரு வண்டி போக முடியுமா?

அன்னையில இருந்து என் யாவாரம் படுத்துருச்சு. இன்னாசி பொண்டாட்டியே இன்னாசிகிட்ட வண்டி விடல, நாம எதுக்கு விடணும்னு கேக்குறானுக. தேவகோட்டைப் பயலுக ரெண்டுபேரும் சிலிண்டரத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டானுக. பாதி ராவுனபடி நிக்குதேடான்னேன், பரவாயில்ல, அப்பிடியே குடுங்கன்னு வாங்கிட்டுப் போறானுக. வீட்டுல அவ எனக்கு ஒரு குறையும் வைக்கல. சோறு போடுறா, துணி தொவைக்கிறா, மேலுக்குச் சரியில்லைன்னா கஷாயம் வச்சுக் குடுக்குறா. சர்ச்சுக்கு ஒண்ணாத்தான் போறோம். வண்டியப் பத்தி மட்டும் பேச்சில்ல. நான் இன்னைக்கு யாரு மொதல்லன்னு பழக்கத்துல கேட்டுருவேன். தெரியல, நான் பாக்கலைன்னுருவா. பாக்கலையாம். அம்பதுகூடத் தாண்டாத வண்டியில போயிட்டு, யாரு மொதல்லன்னு பாக்கலையாம்.

அவளுக்கு நான் செஞ்ச வண்டி, வாசல்ல தார்பாய் போட்டு மூடிக் கெடக்குது. அவ அது மேல கருவாடு காயப்போடுறா.

இன்னைக்கு எதுக்குப் போறேன்னா... உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. இந்தா, சட்டைப்பையில பாருங்க. மாத்திரை மாதிரி இருக்குல்ல? ஜெட்டு. பித்தளை. அந்த டீச்சரம்மா வண்டிக்குப் பொருந்துற மாதிரி நானே துளை போட்டது. பெருசா ஒண்ணும் இல்ல, ஒரே ஒரு நம்பர்தான் கூட. கூடவே சைலன்சருக்குள்ள ஒரு சின்ன வேலை. தேவகோட்டை மார்க்கெட்டுல அவ வண்டிய எங்க விடுவான்னு எனக்குத் தெரியும். பின்பக்கம், ஐஸ் கடைக்கு ஓரமா. அவ வியாபாரத்துல மும்முரமா இருக்குறப்ப நான் போய்ச் சட்டுன்னு மாத்திட்டு வந்துருவேன். அவளுக்குத் தெரியாது. நாளைக்குக் கரையில ஆக்ஸிலேட்டரத் திருகுவா, வண்டி ஒரு இழுப்பு இழுக்கும். அப்ப தெரியும் அவளுக்கு. அப்ப வந்து, என்னங்க, வண்டி நல்லா இழுக்குதுன்னு அவளே சொல்லுவா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ரோச்சு நல்லாத்தான் வச்சிருக்கான்னு சொல்லிட்டு உக்காந்திருவேன். அதுக்கப்புறம் மெதுவா உண்மையச் சொல்லிக்கலாம்.

கெடுதல் பண்ணவா போறேன்? அவளுக்கு நல்லதுதானே?

பஸ் எதுக்கு நிக்குது? எந்த ஊரு இது? ஆளு ஏறுதா. சரி.

அண்ணே. கொஞ்சம் அங்கிட்டுத் தலையச் சாயுங்க. இந்தப் பக்கம். அந்தப் புளியமரத்துக்குக் கீழ பாருங்க. பச்சைக் கயிறு. அவதாண்ணே. பிலோமி.

தேவகோட்டைக்குல்ல போயிருக்கணும் இந்நேரம்? இங்க நின்னுக்கிட்டு இருக்கா. நான் சொல்லல? வண்டி நின்னுபோச்சு போல. சைடு ஸ்டாண்டு போட்டிருக்கா பாருங்க. அந்த ரோச்சு வச்சுக் குடுத்த லட்சணம்...

இல்லயே. பொட்டியத் திறந்து வச்சிருக்கா. பொம்பளைக சுத்தி நிக்குதுக. வித்துக்கிட்டு இருக்கா. அந்தப் பெரிய மனுசி தட்டை நீட்டுது பாருங்க, அது கேட்டதுக்கு மேல ரெண்டு மீனைத் தூக்கிப் போடுறா. என்னமோ சொல்லுறா. சிரிக்கிறா. எனக்கு இது தெரியாதுண்ணே. அவ ரோட்டோரத்துல நின்னு விக்கிறத நான் பாத்ததே கெடையாது.

என்ஜின் ஓடிக்கிட்டே இருக்கு, கேக்குதா? ஆஃப் பண்ணாம வச்சிருக்கா. பெட்ரோல் வீணாப் போகும்ல. சொல்லிக் குடுக்கல யாரும்? சூடான என்ஜினை நிறுத்துனா திரும்பக் கெளம்பாதுன்னு நெனச்சிருக்கா. இந்த வண்டி கெளம்பும். நிறுத்திட்டு அடிச்சா ஒரு அடியிலயே கெளம்பிரும். நான் செஞ்ச வண்டிதான் கெளம்பாது. அந்தப் பழக்கத்துல...

நீங்க கொஞ்சம் பேசாம இருங்கண்ணே, சத்தத்தக் கேட்டுக்கிறேன்.

அந்தக் கிளீனர் தம்பிய விசிலை ஊதாம இருக்கச் சொல்லுங்க. ஒரு நிமிசம்.

ஐடிலிங், அதான் நிக்கும்போது ஓடுற வேகம், கூடுதலா இருக்கான்னு பாக்குறேன். இல்ல. சரியா இருக்கு. செயின் சத்தம் வருதா? வரல. புகை? புகையும் இல்ல. பிலோமி ஏறி உக்காந்துட்டா. பொட்டிய மூடிட்டா. ஆக்ஸிலேட்டரத் திருகுறா பாருங்க, ஒரு எடத்துலயாச்சும் தெணறுதா...

தெணறல. போயிட்டா.

ஒரு குறை சொல்ல முடியலண்ணே. அந்தச் சத்தத்துல ஒரு குறை இல்ல. அதத்தான் என்னால தாங்க முடியல.